கோல்பிக்குப் பக்கத்தில் நின்றவன்

வாலஸ் ஹெக்கின் அறையில் மேசைமேல் ஏறுவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஹெக் மேலாளராக இருக்கும் டொலிடோ அமெரிக்க ஃபுட்பால் அணிக்காக ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்களைப் பார்த்து வருகிற தேர்வாளர்களில் யாருக்காவது ஒரு பையன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டால், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நீள மேசையின் மேல் ஏறி நின்று, "இவனை எடுங்க" என்று சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், கிண்டலும் செய்யலாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்வரை இறங்கக் கூடாது. வருடத்துக்கு ஒருவருக்கு ஒரே ஒரு ஏற்றம். அப்படி ஏறி எடுக்கவைத்த பையனின் பெயர் அவரவர் பெயருக்குக் கீழே சுவரில் ஏறிவிடும். பையன் தேறினால் சுவர் பெருமை. தேறாவிட்டால் அதே சுவர் தினமும் முறைக்கும்.

ரோண்டா பிக்கெட்டின் பெயருக்குக் கீழே அப்படி முறைக்கிற பெயர்கள் இரண்டு இருந்தன.

தெற்கு மாநிலங்கள் முழுக்க அவள் பொறுப்பு. வாடகைக் காரும் மோட்டல் அறையும் பெட்ரோல் பங்க் காப்பியுமாக வாழ்க்கையின் பாதியை ஓட்டியவள். ஐம்பதைத் தொட்ட வயது, கனத்த குரல், எதிலும் இறங்கினால் பாதியில் விடாத பிடிவாதம். தேர்வாளர்களின் வேலை ஒப்பந்தம் டிராஃப்ட் முடிந்த கையோடு மே மாதத்தில் தீர்ந்துபோகும். நாட்டிலுள்ள அணிகளெல்லாம் முறைபோட்டுக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி முடிக்கிற அந்த மூன்று நாள் திருவிழா ஓய்ந்ததும், ஹெக் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். சிலர் புது ஒப்பந்தத்தோடு வெளியே வருவார்கள். சிலர் அட்டைப்பெட்டியோடு வருவார்கள். மூன்றாவது பெயரும் முறைத்தால் தனக்குக் கிடைப்பது அட்டைப்பெட்டிதான் என்று ரோண்டாவுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தான் இந்த வருடம் பிப்ரவரியில் அவள் ஏறியது சந்தேகமே இல்லாத ஓர் ஆளுக்காக. ஆர்கன்சாவின் ஹாலோவே கல்லூரி லைன்பேக்கர், கோல்பி ரெயின்ஸ்.

எதிரணிக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவரும்போது, முன்வரிசைத் தடியர்களுக்குப் பின்னால் நின்று, இடப்பக்கம் வருகிறானா வலப்பக்கம் வருகிறானா என்று மோப்பம் பிடித்து, பாய்ந்து சாய்க்கிறவன்தான் லைன்பேக்கர். டொலிடோவுக்கு அந்த நடு இடம் போன வருடம் முழுக்க ஓட்டைப் பானையாக ஒழுகியிருந்தது. கோல்பியோ பந்து எங்கே போகுமென்று முன்கூட்டியே கனவு கண்டவன் மாதிரி அங்கே போய் நிற்பான். நாட்டிலேயே அவன் சாய்த்த ஆட்கள்தான் அதிகம். ரோண்டா மேசையிலிருந்து இறங்கியபோது ஹெக்கே கையைத் தட்டினார். சுவர்ப் பலகையில் லைன்பேக்கர் வரிசையின் உச்சியில் கோல்பியின் பெயர் ஒட்டிய காந்தம் போய் உட்கார்ந்தது.

அவனுக்குப் பக்கத்தில் அதே ஹாலோவேயில் ஆடிய டெஸ்மண்ட் ஓடமின் காந்தம் பலகையின் அடியில், குப்பைத்தொட்டிக்கு ஒரு சாண் மேலே கிடந்தது. அதற்கும் காரணம் ரோண்டாதான். 'எப்போதும் ஒரு அடி தாமதம். பந்து கிளம்பும்போது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை' என்று இலையுதிர் காலத்திலேயே அவனுக்கு மதிப்பெண் போட்டு மூட்டை கட்டிவிட்டாள்.

ஏப்ரலில் கோல்பியை டொலிடோவுக்கு வரவழைத்தார்கள். டிராஃப்டுக்கு முன்னால் பிடித்த பையன்களை நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது எல்லா அணிகளும் செய்வதுதான். ஏரிக்காற்று முகத்தில் அறைய, மெல்லிய ஜாக்கெட்டோடு வந்து இறங்கிய கோல்பியைப் பார்த்ததும் ரோண்டாவுக்குப் பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஏன்டா கண்ணு, இங்க குளிரும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க மேடம். ஏப்ரல்ல கூடவா குளிரும்னு நான்தான் நம்பல" என்று பல்லைக் காட்டினான்.

லைன்பேக்கர் பயிற்சியாளர் ஸ்கலீசி அவனை வெள்ளைப் பலகைமுன் நிறுத்தினார். ஸ்கலீசி குள்ளம், தொண்டை மட்டும் ஆறடி. ஒரு தடுப்பு முறையைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவன் ஊரைப் பற்றியும் மீன்பிடிப்பதைப் பற்றியும் ஊர்க்கதை பேசுவார். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு, "இப்ப நீ எனக்குச் சொல்லிக்குடு" என்பார். மண்டையில் எது தங்குகிறது என்று பார்க்கும் சோதனை.

கோல்பி ஒரு கோடு பிசகாமல் வரைந்தான். ஸ்கலீசி பூரித்துப்போனார்.

"சபாஷ்டா தம்பி! சரி, இப்ப பாரு." அவர் எதிரணியில் இரண்டே இரண்டு ஆட்களை இடம் மாற்றி வரைந்தார். "இப்படி வந்து நிக்கிறாங்க. பந்து கிளம்பப் போகுது. எந்தப் பக்கம் போவே?"

கோல்பி பலகையைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் வெறும் சுவர். மறுபடி பலகையைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான்.

"இடது பக்கம், கோச்" என்றான் கடைசியில். தப்பு.

"விடு, பயணக் களைப்பு" என்று ஸ்கலீசி அவன் முதுகில் தட்டினார். பிடித்துப்போன பையனுக்குச் சாக்குச் சொல்ல அந்தக் கட்டடத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த ரோண்டா மட்டும் அந்த வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். யோசிக்கிறவன் மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான். ஆள் இல்லாத சுவரை இரண்டு முறை திரும்பிப் பார்ப்பானா?

மதியம் அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். ஏரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுக்கிற கடை. கோல்பி ஒரு தட்டைக் காலி செய்து இரண்டாவதில் பாதிக்கு வந்தபோது, உப்பை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"காலையில பலகை முன்னாடி யாரைடா தேடினே?"

அவன் சிரித்துவிட்டான். காது மடல் சிவந்தது.

"டெஸ்மண்டைத்தான் மேடம். பழக்க தோஷம். அவன் எப்பவும் எனக்கு வலப்பக்கம்தான் நிப்பான்."

"அவன் என்ன செய்வான்?"

"எந்தப் பக்கம்னு சொல்லுவான். சொல்லக்கூட மாட்டான், இடுப்புல ஒரு தட்டு. இந்தப் பக்கம் தட்டினா இந்தப் பக்கம் போவேன். போனா பந்து அங்கதான் வரும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது. கையிலிருந்த மீன் துண்டைத் தட்டில் வைத்தான். "மேடம், இதை... நீங்க இதை உள்ள போய்ச் சொல்லிடுவீங்களா?"

இருபத்திரண்டு வயதுப் பையனின் கண்ணில் அப்படியொரு பயம்.

"சாப்பாட்டுல பேசினது சாப்பாட்டோட, கண்ணு. உன் வாயால வந்ததை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சாப்பிடு."

விமான நிலையத்தில் அவனை இறக்கிவிட்டு நேராக வீடியோ அறைக்குப் போனாள். போகும்போதே பாதி புரிந்துவிட்டது. புரிந்த பாதியே அவளுக்குக் கசந்தது.

தேர்வாளர்கள் முழு ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மோதலையும் தனித்தனித் துண்டாக நறுக்கி அடுக்கித் தருவது வீடியோ அறையின் வேலை. முன்பெல்லாம் அந்தத் துண்டுகளில் பந்து கிளம்புவதற்கு முந்தைய நேரமும் இருக்கும். இரண்டு அணிகளும் சும்மா நின்று, குனிந்து, நிமிர்ந்து, கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரம். 'ஆளுங்க நிக்கிறதைப் பாத்தே என் ஆயுசு பாதி போச்சு, பந்து கிளம்புற இடத்துலேர்ந்து குடுங்கய்யா' என்று சண்டைபோட்டு அதையெல்லாம் கத்தரிக்க வைத்தது யார்? இதே ரோண்டா பிக்கெட்தான். அன்றைக்கு அத்தனை தேர்வாளர்களும் அவளுக்கு நன்றி சொன்னார்கள்.

"ஹாலோவே ஆட்டம் எல்லாத்தையும் கத்தரிக்காம போட்டுக் குடு" என்றாள்.

வீடியோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "நீயா கேக்குறே?"

"நானேதான். வாயை மூடிக்கிட்டுப் போடு."

முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து கிளம்பும் முன்னால், எதிரணி வந்து நின்றதும், டெஸ்மண்ட் ஓடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்களை ஒரு வரிசை பார்க்கிறான். முன்னால் நிற்கும் தடியனின் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டி அவனை அரை அடி நகர்த்துகிறான். பிறகு பக்கத்தில் வந்து கோல்பியின் இடுப்பில் ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் தன் இடத்துக்கு ஓடுகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. கத்தரித்த துண்டு தொடங்குவது அங்கேதான். அதில் தெரிவது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிவருகிற ஒரு சோம்பேறி. அவன் அந்தத் தாமதத்தோடேயே போய், கோல்பியை நோக்கி வருகிற மலை போன்ற எதிரணித் தடுப்பாளனை முட்டி நிறுத்துகிறான். கோல்பிக்குப் பாதை திறக்கிறது. கோல்பி சாய்க்கிறான். கூட்டம் கோல்பியின் பெயரைக் கத்துகிறது.

எதிரணி அவசரப்பட்டு ஆடிய சமயங்களில் தட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. அப்போதெல்லாம் கோல்பி நட்டுவைத்த கம்பம். அந்தத் துண்டுகளையும் ரோண்டா முன்பே பார்த்திருக்கிறாள். 'பந்து இவன் பக்கம் வரவில்லை' என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் வெட்கம் வந்தது, பிறகு கோபம். அதற்கும் பிறகு பயம் வந்தது, அது சீக்கிரம் போகவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். கோல்பியை எடுப்பார்கள். மே மாதத்தில் அவளுக்குப் புது ஒப்பந்தம் உறுதி. செப்டம்பரில் பக்கத்தில் தட்டுவதற்கு ஆள் இல்லாமல் பையன் திருதிருவென்று முழிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அவளுடைய தொழிலில் பலர் அப்படித்தான் ஓய்வூதியம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பையனைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் படுகுழியில் தள்ளிவிட்டு அவர்களைப் போலச் சேர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டாள். 'செத்தாலும் மாட்டேன்' என்று வாய்விட்டே சொன்னாள். வீடியோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கடைசிக் கூட்டம். பலகையின் வரிசையை முடிவுசெய்து பூட்டும் நாள். ஹெக் ஒவ்வொரு வரிசையாகப் போய், "மாத்தம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஏப்ரலில் மனசை மாற்றிக்கொள்கிற தேர்வாளரை அந்த அறையில் மனுஷனாகவே மதிப்பதில்லை. இலையுதிர் காலத்தில் சொன்னதே சொல். அதற்குப் பிறகு மாற்றினால், பத்திரிகையைப் படித்துவிட்டு உளறுகிறான் என்பார்கள்.

"லைன்பேக்கர். மாத்தம் ஏதாவது இருக்கா? இல்ல. அடுத்து..."

"இருக்கு" என்றாள் ரோண்டா. "கோல்பி ரெயின்ஸைக் கீழே இறக்கணும்."

யாரோ ஒருவருக்குக் காப்பி புரையேறியது. மேற்கு மாநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் டென்னி ப்ராங்க் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தார். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கண்ணும் கூர்மை.

"ரெண்டு மாசம் முன்னாடி அவனுக்காக நீ மேல ஏறி நின்னு போட்ட கூச்சல்ல எனக்கு இன்னும் காது அடைச்சிருக்கு. இன்னிக்கு என்ன, காத்து வேற பக்கம் அடிக்குதா?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு நீ வாயைத் திறந்தாலே தெரிஞ்சிடும் டென்னி. கொஞ்சம் சும்மா இரு."

சிரிப்பு எழுந்தது. ஹெக் சிரிக்கவில்லை. நரைத்த புருவத்தைத் தூக்கி, "மேல ஏறிச் சொல்லு" என்றார்.

"வருஷத்துக்கு ஒண்ணுதான். நான் ஏறியாச்சு. கீழ நின்னே சொல்றேன்." அவள் திரையைப் போட்டாள். "டென்னி, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பந்து கிளம்பறதுக்கு முன்னாடி படத்தை நிறுத்துறேன். கோல்பி எந்தப் பக்கம் போவான்னு நீ சொல்லு. ஓடமோட கையை மட்டும் பாரு."

படம் நின்றது. டெஸ்மண்டின் கை கோல்பியின் இடது இடுப்பில்.

"இடது" என்றார் டென்னி அலட்சியமாக. படம் ஓடியது. இடது.

"அடுத்தது."

"வலது." வலது.

"இது?"

"வலது... இரு, மறுபடி தட்டுறான். இடது." இடதேதான்.

நான்காவது முறை டென்னி நாற்காலியை நேராகப் போட்டுவிட்டார். ஆறாவது முறை அறையே சேர்ந்து சொன்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு ரோண்டா தட்டு இல்லாத துண்டுகளைப் போட்டாள். அவற்றில் கோல்பி நின்ற இடத்திலேயே நின்றான்.

ஸ்கலீசி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இத்தனை மாசமா நம்ம கண்ணுல மண்ணைத் தூவினது யாரு?"

"நான்தான். பந்து கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிறதைக் கத்தரிக்கச் சொன்னது நான். ஓடமைச் சோம்பேறின்னு எழுதினதும் நான்."

"வாய்ப்பே இல்ல" என்றார் டென்னி. ஆனால் கிண்டல் குறைந்திருந்தது. "தட்டுறது அவங்களுக்குள்ள ஒரு விளையாட்டா இருக்கலாமில்ல? நேத்துப் பையனை நீதானே சாப்பிடக் கூட்டிட்டுப் போனே. அவன் ஏதாவது சொன்னானா?"

அறை அவளையே பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆதாரம் எதுவுமில்லை. ரோண்டா குரலை மாற்றாமல் சொன்னாள்.

"மீன் நல்லா இருக்குன்னான்."

ஹெக் அவளை நெடுநேரம் பார்த்தார். அவர் எதையோ புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. புரிந்ததைக் கேட்கவில்லை.

"மே மாசம் வருது ரோண்டா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சுவத்துல உன் பேருக்குக் கீழ ஏற்கெனவே ரெண்டு பேர். இப்ப நீ ஏறின ஆளை நீயே இறக்குறே. பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் வாலஸ். முடியல."

அவர் போய்க் கோல்பியின் காந்தத்தை எடுத்து ஆறு இடம் கீழே வைத்தார். பிறகு அடியில் கிடந்த டெஸ்மண்டின் காந்தத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "இவன் மேல வரணும்னா யாராவது ஏறணும். சட்டம் சட்டம்தான். யார் ஏறப் போறீங்க?"

தேர்வாளர்கள் தங்கள் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தங்கள் ஏற்றத்தைச் செலவழித்திருந்தார்கள். மிச்சம் வைத்திருந்த ஓரிருவருக்கும் ஊர்பேர் தெரியாத ஒருவனுக்காகச் சுவரில் ஏற மனமில்லை. இவ்வளவு தூரம் வந்து பையன் இந்த மேசையடியில் கிடந்துவிடுவானோ என்று ரோண்டா நினைத்தாள்.

நாடா அவிழும் சத்தம் கேட்டது. ஸ்கலீசி குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர்கள் ஏறக் கூடாது என்று சட்டம் இல்லை. ஒருவரும் ஏறியதில்லை, அவ்வளவுதான். குள்ள மனிதர் நாற்காலியில் கால் வைத்து மேசைக்குத் தாவினார். ஒரு சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"எவனாவது சாக்ஸைப் பத்திப் பேசினீங்க, பல்லைத் தட்டிடுவேன்" என்றார். "இந்தப் பையன் என்னோட வேலையை ஆடுகளத்துக்குள்ள நின்னு செஞ்சிட்டிருக்கான்யா. அடுத்தவனுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டு, தான் போய் முட்டு வாங்குறான். எனக்கு இவன் வேணும். கேளுங்க, என்ன வேணா கேளுங்க."

கேட்டார்கள். அவர் கத்தினார். கடைசியில் டெஸ்மண்டின் காந்தம் மேலே போனது. ஹெக் அதை வைத்துவிட்டு ரோண்டா பக்கம் திரும்பி, "ஏறினது ஸ்கலீசி. ஆனா சுவத்துல இந்தப் பேரு உனக்குக் கீழதான் வரும். கண்டுபிடிச்சது நீ" என்றார். அது பாராட்டா மிரட்டலா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

டிராஃப்டின் இரண்டாம் நாள் சாயங்காலம், டொலிடோ முறை வருவதற்குச் சற்று முன்னால், அல்புகர்க்கி அணி கோல்பி ரெயின்ஸை எடுத்தது. தொலைக்காட்சியில் அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். 'இந்தத் தேர்வின் மிகப் பெரிய லாபம்' என்று வர்ணனையாளர்கள் குதித்தார்கள். அறையில் ஓரிரண்டு தலைகள் ரோண்டா பக்கம் திரும்பின. நல்ல ஆளைக் கைநழுவ விட்டோமா என்கிற பார்வை. அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பையன் நன்றாயிருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள், மனசார.

டொலிடோவின் முறை வந்தது. பெயர் சொல்லக் கொடுத்த சில நிமிடங்களை எண்ணும் கடிகாரம் திரையில் ஓடத் தொடங்கியது. ஹெக் டெஸ்மண்ட் ஓடமின் எண்ணை அழுத்தினார். பையனின் குரலைக் கேட்காமல் பெயர் எழுதிய சீட்டைக் கொடுக்க மாட்டார். ஒருமுறை அப்படிக் கேட்காமல் எடுத்த பையன் அன்று காலைதான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து பிடித்த வழக்கம்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"கழிவறையில இருப்பான்" என்றார் டென்னி.

"டிராஃப்ட் அன்னிக்கா?" என்றார் ஹெக். "போனை மடியில வெச்சுக்கிட்டில்ல உக்காந்திருப்பானுங்க!" மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. பக்கத்துத் தொலைபேசியில் வேறோர் அணி கூப்பிட்டு, உங்கள் முறையை எங்களுக்கு விற்கிறீர்களா என்று பேரம் பேசியது. கடிகாரத்தில் பாதி கரைந்துவிட்டது.

"எனக்குப் பிடிக்கல. என்னமோ நடந்திருக்கு. அடுத்த பேரு யாரு?" என்று ஹெக் பலகையைப் பார்த்தார்.

ரோண்டா எழுந்தாள். "சீட்டைக் குடுங்க வாலஸ்."

"குரலைக் கேக்காமலா?"

"கேக்காமத்தான். யாரோட பேருக்குக் கீழ போடப் போறீங்க? எனக்குத்தானே? போடுங்க. கால் உடைஞ்சிருந்தாலும் எனக்குக் கீழயே கிடக்கட்டும்."

"அப்படி உடைஞ்சிருந்தா மே மாசம்..."

"அட்டைப்பெட்டியை நானே கொண்டுவர்றேன். குடுங்க."

ஸ்கலீசி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். ஹெக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிறகு டிராஃப்ட் அரங்கில் காத்திருந்த தங்கள் ஆளிடம், போனில், "ஓடம். குடுத்துடு" என்றார்.

தொலைக்காட்சியில் பெயரைப் படித்தார்கள். வர்ணனையாளர்களில் ஒருவர் காகிதங்களைப் புரட்டி, யார் இவர் என்று தேடினார். அறையில் கைதட்டல் இல்லை. ஹெக் கடுகடுவென்று மறுபடி எண்ணை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். இந்த முறை எடுத்தான்.

"ஹலோ? மன்னிச்சிடுங்க, யாரு?" மூச்சு வாங்கியது.

"டொலிடோலேர்ந்து வாலஸ் ஹெக். எங்கடா போயிருந்தே? உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்புக்கா? ஒண்ணுமில்லையே சார். நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் போனை எடுக்கல? உன் பேரை டிவியில சொல்லியாச்சு. உன்னை நாங்க எடுத்துட்டோம். பாக்கலையா?"

தூரத்தில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. கதவு திறக்கும் சத்தம், நிறையப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்.

"சார்... டிவி ஹால்ல இருக்கு. நான் உள்ரூம்ல கோல்பிகூட வீடியோ கால்ல பேசிட்டிருந்தேன் சார். அவனை அல்புகர்க்கி எடுத்துட்டாங்க. அவங்க தடுப்பு முறை என்னன்னே அவனுக்குத் தெரியாது, ரொம்பப் பயந்துட்டான். போன வருஷம் அவங்க ஆடினது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் ஒவ்வொண்ணா வரைஞ்சு காட்டிச் சொல்லிட்டிருந்தேன்."

"டேய், அவன் இனிமே வேற டீம்டா!" என்று ஸ்கலீசி தொண்டை கிழியக் கத்தினார்.

"தெரியும் கோச்." அவன் குரல் இப்போதுதான் லேசாக நடுங்கியது. "ரொம்ப நன்றி சார். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆனா... பாதிதான் சொல்லியிருக்கேன், அவன் அந்த லைன்லயே இருக்கான். ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு நானே கூப்பிடட்டுமா சார்?"

டென்னி கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், சிரிக்கிறாரா வேறெதுவுமா தெரியவில்லை. ரோண்டா எட்டி ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"முழுசா சொல்லிக்குடுத்துட்டே கூப்பிடு, கண்ணு. நாங்க இங்கதான் இருப்போம்."